பனாமாக் கால்வாயில் ஓர் அரைப்பேர்

1

என்னுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் என்னைப் பனாமாக் கால்வாய் பார்க்கக் கூட்டிப்போனாள். அது என்னுடைய பிறந்தநாள் அல்ல. பாலசுந்தரம் என்ற என் சிநேகிதனுடையது. முப்பது வருடத்துக்கு மேலாக அவனுடைய பேரிலும் அவனுடைய பிறந்தநாளிலும் நான் காலம் தள்ளிவருகிறேன். மகளுக்கு அது அப்போது தெரியாது. கனடாவில் அது தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. அவள் இறந்து மூன்று வருடமாகிறது.

டொரொண்டோவில் நான் ஒரு பாடசாலையில் தரை துடைக்கிறேன். விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். குளிர்காலத்தில் பனி உருகத் தெருவில் தூவும் உப்பு பிள்ளைகளின் சப்பாத்துத் தண்ணீரோடு வந்து காய்ந்து தரை முழுக்க வெள்ளை வெள்ளையாக நிற்கும். ஒருநாளும் அது முழுதாகப் போனதில்லை. மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். முதலில் ஞாயிறுதோறும் வந்தாள், பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு, பிறகு தொலைபேசி. அவளுடைய தமிழ் அவள் அம்மாவிடமிருந்து வந்த யாழ்ப்பாணத் தமிழ். சாப்பாடு, காய்ச்சல், கதவைப் பூட்டுவது, இவ்வளவுக்கும் அது போதும். எழுத வாசிக்கத் தெரியாது.

ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் கப்பலில வேலை செய்யேக்க பனாமா கனாலுக்குள்ளால போனனீங்கள் எண்டு அம்மா சொன்னவா. எப்பிடி இருந்தது?"

"செவரு."

"என்ன?"

"செவருதான் தெரிஞ்சிச்சு."

அவள் சிரித்தாள். "அப்ப இந்தமுறை வடிவாப் பாப்பம். பேர்த்டேக்கு நான் டிக்கெட் போடுறன்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சரி என்றேன். அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் பாலாவின் தேசிய அடையாள அட்டை இருந்தது. புறப்படும் அன்று அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்குப் பிறகு அந்த அட்டை குப்பைக்குப் போகும் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் யாராவது ஒருவருக்கு அது யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் மகளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

2

என் சொந்தப் பேர் வீரமலை. கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்தவன்.

எங்கள் பக்கம் ஒருநாள் கூலியைக் கூலி என்று சொல்வதில்லை, பேர் என்றுதான் சொல்வோம். கணக்கப்பிள்ளை செக்ரோலில் உங்கள் பேருக்கு நேரே அடையாளம் போட்டால் அன்றைக்குப் பேர் விழுந்தது என்று அர்த்தம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணும் பெரட்டுக்குப் பிந்திப்போனால் பேரே கிடையாது, திரும்பி வரவேண்டியதுதான். அம்மா சாயந்தரம் கூடையை இறக்கும்போதே, "இன்னைக்கு அரப்பேருதான்" என்று சொல்லிக்கொண்டு வருவாள். அவள் பேர் பொன்னம்மா. சின்ன வயதில் நான் அவள் பேரில் பாதியை யாரோ வெட்டிக்கொண்டு விடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். "இன்னைக்கு பொன்னு போச்சா, அம்மா போச்சா?" என்று கேட்டு அறை வாங்கியிருக்கிறேன்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. ஹுன்னஸ்கிரியப் பக்கம் கொஞ்ச நாள் ரோட்டு வேலை, அம்பிட்டியவில் ஒரு வீட்டில் தோட்ட வேலை, கடைசியில் கண்டிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்குவது. அந்தக் கடை பாலாவின் அப்பா சுப்பையாவுடையது. அவர்களும் இந்தியாவிலிருந்து வந்த குடும்பம்தான். ஆனால் சுப்பையா முதலாளி சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டத்தில் எப்படியோ கடதாசிகளைச் சேர்த்துக் கொடுத்துப் பதிவுப் பிரஜை ஆகிவிட்டார். எங்களுக்கு அது ஆகவில்லை. பிறகு இரண்டு அரசாங்கமும் எங்களைப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பத்துக்கு இந்தியா என்று விழுந்தது. அப்பாவும் அம்மாவும் கோத்தகிரிக்குப் போனார்கள். நான் போகிற அன்றைக்கு ஒளிந்துகொண்டேன். ஆகவே பதிவில் வீரமலை இந்தியாவுக்குப் போய்விட்டான். கண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் யார் என்று எந்தக் கடதாசியிலும் இல்லை.

பாலாவுக்கும் எனக்கும் ஒரே வயது. அவனுக்கு ஒரு தங்கை, வசந்தா. கடையில் கணக்கு எழுதுவது அவள்தான். நான் 'பேர்' என்று பேசுவது இரண்டு பேருக்கும் பெரிய வேடிக்கை. சாப்பாட்டில் கறி குறைந்தால் பாலா, "ஏய் வசந்தா, இன்னைக்கு எனக்கு அரப்பேரா?" என்று கேட்பான்.

ஒரு கொழும்பு ஏஜென்ட் மூலம் பாலாவுக்குக் கப்பலில் சமையலறை வேலையும் மாலுமிப் புத்தகமும் கிடைத்தன. அந்த நேரம் பார்த்து சுப்பையா முதலாளி வாதம் வந்து விழுந்தார். கடையைப் பார்க்க ஆளில்லை.

"நீ போடா," என்றான் பாலா.

"எந்தப் பேர்ல போறது?"

"என் பேர்லதான். நான் கண்டி வாவியில படகு ஏறுனதுக்கே வாந்தி எடுத்தவன். எனக்குக் கப்பல் சரிப்பட்டு வராது."

"மாட்டிக்கிட்டா?"

"நம்ம மூஞ்ச எவன் பார்க்குறான்? பேரத்தான் பார்ப்பானுங்க. அட்டையையும் கொண்டு போ, கொழும்புல கேப்பானுங்க. எனக்கு அரப்பேர் போதும். மிச்ச அரப்பேர நீ எடுத்துக்க."

வசந்தா அப்போது சீனி நிறுத்துக்கொண்டிருந்தாள். "அப்ப வீட்டுல இருக்குற அண்ணன் இனிமே வீரமலையா?" என்று சிரித்தாள். அன்றைக்கே அது முடிவாயிற்று. கடிதத்தில் நான் பாலா அண்ணன், பாலா வீரமலை. அட்டை தொலைந்துவிட்டது என்று சொல்லிப் பாலா வேறு ஒன்று எடுத்துக்கொள்வான். அப்படித்தான் பேச்சு.

3

பனாமா விமான நிலையத்தில் அதிகாரி என் கடவுச்சீட்டை விரித்து வைத்துக்கொண்டு, "நோம்ப்ரே?" என்றார். நான் நம்பர் என்று நினைத்துக் கடவுச்சீட்டின் எண்ணை மனப்பாடமாகச் சொன்னேன். அவர் மறுபடியும், "நோம்ப்ரே," என்றார். நான் மறுபடியும் எண்ணைச் சொன்னேன், இந்தமுறை மெதுவாக.

"அப்பா, பேர் கேக்கிறார்," என்றாள் மகள்.

பாலசுந்தரம் என்றேன். இத்தனை வருடமாகியும் அந்தப் பேரைச் சொல்லும் முன் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு நொடி பிந்துகிறது. பிறந்த இடம் கண்டி என்றிருப்பதைப் பார்த்து அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"கண்டி எண்டா இங்கிலிஷில மிட்டாயெல்லோ, மிட்டாய்க்குள்ளயா பிறந்தனீங்கள் எண்டு பகிடி விடுறார்."

நானும் சிரித்தேன். அதிகாரி சிரித்தால் சிரித்துவிடுவது நல்லது.

மறுநாள் காலை கப்பல்களை ஏற்றி இறக்கும் இடத்துக்குப் போனோம். நாலு மாடி உயரத்தில் ஒரு மேடை. வெயிலில் நூறு இருநூறு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் முதலில் ஸ்பானிய மொழியிலும் பிறகு ஆங்கிலத்திலும் கப்பலின் கதையைச் சொல்கிறார். கீழே ஒரு பெரிய தொட்டி. கப்பல் உள்ளே வந்ததும் இரும்புக் கதவை மூடுகிறார்கள். இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் சின்ன எஞ்சின்கள் கம்பி போட்டுக் கப்பலை நடுவில் பிடித்துக்கொள்கின்றன. பெரிய மாட்டை நாலு பேர் மூக்கணாங்கயிற்றில் பிடிக்கிற மாதிரி. பிறகு மேலேயிருக்கும் ஏரித்தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீரை ஏற்றப் பம்பு ஒன்றும் இல்லையாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக வருகிறது, அதில் ஒரு ஊர் அளவு கப்பல் சத்தமில்லாமல் எழும்புகிறது. முதலில் கொடிமரம் தெரிந்தது, பிறகு பெட்டிகள், பிறகு ஆட்கள். பத்து நிமிடத்தில் எங்கள் கண்மட்டத்துக்கு வந்துவிட்டார்கள்.

நான் கப்பலில் வேலை செய்தபோது இங்கே பார்த்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் கப்பலில் பறந்ததும் பனாமாக் கொடிதான், ஆனால் பனாமாக்காரன் ஒருவனும் அதில் இல்லை. வாலில் எழுதியிருந்த பேருக்கு அடியில் பழைய பேரின் எழுத்துகள் பெயின்டை மீறித் துருத்திக்கொண்டிருந்தன. கப்பலும் வேறு பேரில்தான் ஓடியது. கால்வாய்க்குள் போகும் நாளில் மேல்தளத்தில் எல்லாருக்கும் வேலை. எனக்குச் சமையலறை. அங்கே ஒரு வட்டக் கண்ணாடி. அதற்கு வெளியே ஈரமான சீமெந்துச் சுவர், பாசி, தண்ணீர் வடிந்த கறை. சுவர் கீழே இறங்கும், நாங்கள் ஏறுகிறோம் என்று அர்த்தம். சுவர் மேலே போகும், நாங்கள் இறங்குகிறோம். உலகத்தின் அதிசயத்தை நான் ஒரு மூட்டை வெங்காயத்தோடு அப்படித்தான் கடந்தேன்.

இப்போது கப்பலின் பின்பக்கத்தில் ஏப்ரன் கட்டிய ஒருவன் வெளியே வந்தான். கறுவல். எந்த ஊரோ. ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தான். மேடையிலிருந்த எல்லாரும் கையசைத்தார்கள். மகளும் அசைத்தாள்.

"அப்பா, அங்க பாருங்கோ. அது நீங்கள்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் கையசைக்கவில்லை.

4

வசந்தாவின் கடைசிக் கடிதம் எனக்கு அந்தக் கால்வாயில்தான் கிடைத்தது. எங்கள் கப்பல் முறைக்காகக் காத்துக்கொண்டு நங்கூரமிட்டிருந்தபோது ஏஜென்டின் சிறு படகு தபால் பையோடு வந்தது. அதே பை ஒருமணி நேரத்தில் திரும்பிப் போகும். எழுத வேண்டியவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முந்தின கடிதத்தில், கலவரத்தில் கடை எரிந்துபோனதையும், அப்பா இறந்ததையும், வீரமலை கூலி வேலைக்குப் போய்வருவதையும் எழுதியிருந்தாள். வீரமலை என்றால் பாலா. இந்தக் கடிதத்தில் நாலே வரி. கடிதங்கள் பிரித்துப் பார்க்கப்படுகிற காலம். எழுத்து அவசரத்தில் சாய்ந்திருந்தது.

"அன்புள்ள பாலா அண்ணனுக்கு. வீரமலைக்கு ஒரு மாதமாக இங்கே பேர் விழவில்லை. அரைப்பேரோடு அவரால் இருக்க முடியாது. உங்களிடம் உள்ள மீதிப் பேரைத் தாமதிக்காமல் அனுப்பி வையுங்கள்."

நான் லயத்தில் பிறந்தவன். பேர் விழவில்லை என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். ஒரு மாதமாக வேலை இல்லை, கையில் காசில்லை. கப்டனிடம் போய்ச் சம்பளத்தில் முன்பணம் கேட்டேன். உறையில் வைத்து, 'கவலைப்பட வேண்டாம், அடுத்த துறைமுகத்திலிருந்து மறுபடியும் அனுப்புகிறேன்' என்று எழுதி ஒட்டினேன். பாலாவின் அட்டை என் படுக்கைக்குக் கீழே பெட்டியில் இருந்தது. அதை எடுத்து உறைக்குள் வைக்க அரை நிமிடம் போதும். அது எனக்குத் தோன்றவில்லை.

தோன்றவில்லை என்றுதான் பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஆனால் 'அரைப்பேரோடு' என்ற சொல்லில் நான் கொஞ்சம் நின்றது ஞாபகம் இருக்கிறது. அரைப்பேர் யார் சொன்ன வார்த்தை என்பது எனக்குத் தெரியும். நின்றேன், பிறகு உறையை நாக்கால் நனைத்து ஒட்டினேன். படகுக்காரன் அவசரப்படுத்தினான். அட்டை இல்லாமல் அடுத்த துறைமுகத்தில் என்னைக் கேள்வி கேட்டால் நான் என்ன செய்வேன் என்று அந்த நேரத்தில் நினைத்தேனா இல்லையா என்று இப்போது தெரியவில்லை.

பிறகு வசந்தாவிடமிருந்து கடிதம் வரவில்லை. அடுத்த பயணத்தில் மொன்ட்ரியலில் இறங்கினேன், கப்பலுக்குத் திரும்பவில்லை. கண்டி, தமிழன், கடை எரிந்தது, அப்பா செத்தார். அகதி விசாரணையில் நான் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. எல்லாம் பாலாவுக்கு நடந்தவை.

5

நாட்டில் சண்டை முடிந்து சில வருடம் கழித்து ஒருமுறை கண்டிக்குப் போனேன். மனைவியிடம் மட்டும் காரணம் சொன்னேன்.

"போய்ப் பாத்திட்டு வாங்கோ. ஆனா அங்க போய் நீங்கள் ஆரெண்டு சொல்லிக்கொண்டு நிக்காதேங்கோ," என்றாள். "பிள்ளையின்ர கடதாசியள் எல்லாம் அந்தப் பேரிலதான் கிடக்கு."

கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். எதிரே குடை விற்கிற கடை மட்டும் அப்படியே இருந்தது. அதன் முஸ்லிம் முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இப்போது கதிரையில் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு குடையை விரித்துப் பார்த்துக்கொண்டே, எதிர்க்கடை சுப்பையா முதலாளி குடும்பம் எங்கே என்று கேட்டேன்.

"சுப்பையா மொதலாளியா? அவர் மவுத்தாகி எத்தின காலம். மகன் ஒருத்தன் இருந்தான், பாலான்டு. நல்ல பொடியன். ஒருநாள் ஆமி சுத்திவளைச்சுப் புடிக்கக்குள்ள அவனும் அம்புட்டான்."

"ஏன், என்ன செஞ்சாரு?"

"ஒன்டும் செய்யல்ல. அட்டை இல்ல கையில, புதுசு எடுக்கவுமில்ல. பேர் கேட்டாங்க, பாலசுந்தரம் என்டான். பதிவப் பார்த்தா பாலசுந்தரம் கப்பல் ஏறிப் போயிட்டான் என்டு கெடக்கு. அப்ப நீ ஆரு? பயத்துல வேற ஒரு பேரச் சொல்லியிருக்கான், அந்த ஆள் இந்தியாவுக்குப் போனவனாம். ரெண்டு பேர் சொன்னா எவன் நம்புவான்?"

குடையை மடக்க வரவில்லை. அவரே வாங்கி மடக்கினார்.

"தங்கச்சிப் புள்ள ஒவ்வொரு நாளும் போய் கேம்ப் வாசல்ல நின்டா. அட்டையக் கொண்டு வா, விடுறோம் என்டிருக்காங்க. அட்டை ஒரு கூட்டாளிட கையில, அவன் கப்பல்ல. எழுத ஏலாமத்தான் எழுதினா. பேரை அனுப்பு என்டு எழுதினா, அவன் சல்லிய அனுப்பினான்."

"பொறகு?"

"பொறகு என்ன? அந்தச் சல்லிய என்ட கையில கொண்டாந்து வெச்சுட்டு அழுதா. நான் என்னத்தச் செய்ய? பொடியன வேற எடத்துக்குக் கொண்டு போய்ட்டாங்க என்டாங்க. எந்த எடம் என்டு ஒருத்தனும் சொல்லல்ல. அவளும் எங்கயோ போய்ட்டா. இந்தியா என்டும் சொல்றாங்க, வத்தளை என்டும் சொல்றாங்க." கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "நீங்க ஆரு? உங்கட பேர் என்ன?"

"வீரமலை," என்றேன்.

அவர் தலையாட்டினார். அந்தப் பேர் அவருக்கு ஒன்றையும் ஞாபகப்படுத்தவில்லை. கடையில் என்னை எல்லாரும் 'ஹந்தானை' என்றுதான் கூப்பிடுவார்கள். என் சொந்தப் பேரை அத்தனை வருடத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சொன்னது அந்த ஒருமுறைதான். ஒளிந்துகொள்வதற்காகச் சொன்னேன்.

குடையை வாங்கிக்கொண்டேன். வெளியே மழை இல்லை.

6

பழைய நகரத்தில் இருக்கிறது கால்வாய் அருங்காட்சியகம். கல் பாவிய சதுக்கம், அதன் ஓரத்தில் வெள்ளைக் கட்டடம். உள்ளே குளிராகவும் இருட்டாகவும் இருந்தது. கப்பல் மாதிரிகள், மண் வெட்டிய இயந்திரத்தின் படங்கள், கொசு மருந்து அடிக்கிற ஆட்கள். முதலில் பிரெஞ்சுக்காரர் வெட்டித் தோற்றதையும் பிறகு அமெரிக்கர் வெட்டி முடித்ததையும் மகள் வாசித்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். தமிழ் போதாத இடத்தில் கையால் காட்டினாள்.

ஓர் அறையில் கூலி கொடுக்கும் ஜன்னலின் படம். ஒரே ஆபீசுக்கு இரண்டு ஜன்னல்.

"வெள்ளையாக்களுக்குத் தங்கக் காசாம். கரீபியன் தீவுகளிலயிருந்து வந்த கறுப்பு ஆக்களுக்கு வெள்ளிக் காசாம். தண்ணி குடிக்கிற இடமும் வேற வேறயாம்."

"வெள்ளிக்காரங்களுக்கு அரப்பேர்," என்றேன்.

"அரைப்பேர் எண்டா?"

"பாதிக் கூலி."

"அது பே, சம்பளம். பேர் எண்டா நேம் எல்லோ?"

"எங்க பக்கம் ரெண்டும் ஒன்னுதான்."

"அது சரியா வராதே அப்பா," என்று சிரித்துவிட்டு அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போனாள். அதற்குள் வட்டமான பித்தளை வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். கூலிக்கு வரும்போது அதைக் காட்ட வேண்டுமாம். பக்கத்தில் ஒரு படம், இருபது முப்பது பேர், மண்வெட்டியோடு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பெரட்டுக்களத்தில் நிற்கிற அதே நிலை.

"இவையின்ர பேர் ஒண்டும் எழுதேல்லை. நம்பர் மட்டும்தான். பாவம்."

அங்கே ஒரு மரவாங்கு இருந்தது. உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"இது ஆர்?"

"பாலசுந்தரம்."

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். படத்தில் பாலாவுக்குக் காது இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோக்காரன் சொன்னதால் சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டிருப்பான்.

"நீங்கள்தானே பாலசுந்தரம்?"

"இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக எங்களைக் கடந்து போனார்கள், பார்த்துவிட்டு அதே வரிசையில் திரும்பியும் வந்தார்கள். முடித்த பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தக் கடிதம் வந்த அண்டைக்கு இந்த அட்டை உங்களிட்டதான் இருந்ததோ?"

"பொட்டிக்குள்ள இருந்திச்சு."

"அவர் திரும்பி வந்தவரோ?"

"வரல."

அவள் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். புள்ளைக்குச் சொல்ல வேணாம்னா."

"அம்மா சொன்னது சரி."

நான் வேறு ஏதோ எதிர்பார்த்திருந்தேன். அழுவாள் என்றோ, கோபப்படுவாள் என்றோ, என் பழைய பேரைக் கேட்பாள் என்றோ. அவள் ஓர் அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள், குடும்பத்தையெல்லாம் விசாரிப்பார்களாம். அதைச் சொன்னாள். குரல் உயரவில்லை. அவள் அம்மாவும் இப்படித்தான், பெரிய விஷயத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திவிடுவாள்.

"என்ர பேருக்குப் பின்னால இருக்கிறது இவரின்ர பேர்," என்றாள். "எனக்கு வேற பேர் இல்லை. உங்களுக்காவது இன்னொண்டு இருந்தது."

அவள் மடியில் கவிழ்ந்திருந்த அட்டையைப் பார்த்தேன்.

"இதை நீங்கள் கொண்டு திரிய வேண்டாம். நான் வச்சிருக்கிறன்."

கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். நான் கை நீட்டவில்லை.

வெளியே சதுக்கத்தில் ஒரு பெண் சின்ன மேசை போட்டு, அந்தப் பழைய வில்லை மாதிரியே பித்தளைத் தகடு விற்றுக்கொண்டிருந்தாள். காசு கொடுத்தால் சுத்தியலால் எழுத்துகளை அடித்துப் பேர் போட்டுக் கொடுப்பாள். மகள் நின்றாள். பிறந்தநாள் பயணத்தில் ஒரு நினைவுப் பொருள் வேண்டும் என்று வரும்போதே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது எதுவும் நடக்காத மாதிரி அதை நடத்திவிடப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நோம்ப்ரே?" என்றாள்.

இந்தமுறை எனக்குப் புரிந்தது. 'வீ' என்று சொல்ல என் மேற்பல் கீழுதட்டில் பட்டுவிட்டது. மகள் என் வாயைப் பார்த்தாள்.

"பாலசுந்தரம்," என்றாள் மகள், அந்தப் பெண்ணிடம்.

அந்தப் பெண் தகட்டைக் காட்டி விரலால் அளந்து தலையாட்டினாள். அவ்வளவு நீளம் இடம் போதாது.

"அப்ப பாலா," என்றாள் மகள்.

ஆங்கிலத்தில் நாலு எழுத்து, நாலு அடி. தகடு கையில் சுட்டது.

7

டொரொண்டோ திரும்பி இரண்டு கிழமை கழித்து மகளிடம் தொலைபேசியில் அட்டையைப் பற்றிக் கேட்டேன்.

"அது இனி இல்லை அப்பா. ஒஃபீசில கடதாசி வெட்டுற மெஷின் இருக்கு."

"சரி."

"உங்கட நன்மைக்குத்தான்."

"சரிம்மா."

"சாப்பிட்டீங்களோ?"

சாப்பிட்டேன் என்றேன். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் ஒரு ஆளை விட்டுவிட்டு வந்தேன், அவள் ஓர் அட்டையைத்தான் விட்டாள்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் அவள் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அவளைச் சுற்றியிருப்பவர்களுக்கும் தெரியாது. அவள் சொந்தப் பேரை நான் எங்கேயும் எழுதவில்லை. என்னைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாலும், எங்கே அனுப்புவது என்று அவர்கள்தான் தேட வேண்டும். ஹந்தானையில் பதிவிலிருந்து என் பேரை வெட்டி எத்தனையோ வருடமாகிறது.

கண்டியில் இதை வாசிக்கிறவர்கள் இருப்பீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். வசந்தா வத்தளையில் இருந்தால் அங்கேயும் யாராவது வாசிக்கலாம். அட்டையில் இருந்ததை அப்படியே எழுதிவைக்கப் பார்த்தேன், வேறு எங்கும் அது இப்போது இல்லை.

சுப்பையா பாலசுந்தரம். ஆண். பிறந்த இடம் கண்டி. தொழில் வியாபாரம்.

பிறகு எண். ஒன்பது இலக்கம், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. முதல் ஐந்தும் பிறந்த வருடத்தையும் நாளையும் சொல்பவை. அவை ஞாபகம் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் கேக் வெட்டி நான் அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தேன். அடுத்த நான்கும் அவனுக்கென்று மட்டும் கொடுக்கப்பட்டவை.

மூன்று நாளாக யோசிக்கிறேன். தரை துடைக்கும்போதும் யோசிக்கிறேன். அந்த நான்கும் வரவில்லை.